கோடிட்ட இடம் யாரைச் சோதிக்கிறது?

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து பேசுகிறேன். இங்கே இப்போது மாலை. உங்களில் சிலருக்கு இது நள்ளிரவு, சிலருக்கு விடிகாலை. தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்கு முதலில் என் நன்றி.

தலைப்பைச் சொன்னபோது ஒரு நண்பர், "இலக்கியக் கூட்டத்தில் கேள்வித்தாளைப் பற்றியா பேசப்போகிறீர்கள் சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம், கேள்வித்தாளைப் பற்றித்தான். ஒரு பத்தியைக் கொடுத்து, நடுநடுவே சில சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கோடு போட்டிருப்பார்களே, அதைப் பற்றி. தமிழ்நாட்டில் "கோடிட்ட இடங்களை நிரப்புக" என்போம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் "கீறிட்ட இடம்" என்கிறார்கள். ஆங்கிலம் படித்த நம்மில் அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு விழிக்காதவர் யாரும் இருக்க முடியாது. வெளிநாடு வந்தபிறகும் அது நம்மை விடவில்லை. விசாவுக்கு, வேலைக்கு, குடியுரிமைக்கு என்று ஏதோ ஒரு வடிவத்தில் அந்தக் கோடு மறுபடி வந்து நிற்கிறது.

இந்தச் சிறிய கோட்டுக்கு நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் நடுவில், 1953-ல், அது படிப்பவரைச் சோதிப்பதை விட்டு எழுதியவரைச் சோதிக்கத் தொடங்கியது. பிறகு அதை மறுபடி நம் பக்கம் திருப்பிவிட்டார்கள். எழுதியவரைச் சோதிக்கும் அந்தப் பயன்பாடு, எங்களைப் போல மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

களைத்த பிள்ளைகள்

ஜெர்மனியிலிருந்து தொடங்குவோம். ப்ரெஸ்லாவ் என்ற நகரம். இன்று போலந்தில் இருக்கிறது, வ்ரோத்ஸ்வாஃப் என்று பெயர். 1890-களில் அந்த நகரத்துப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கவலை இருந்தது. காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் பாடம் நடத்தினால் பிள்ளைகளின் மூளை களைத்துப்போகாதா? இதை ஆராயும் பணியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் இறங்கினார். மனப்பாடம் செய்ததை நாம் எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்துப் பார்த்து எழுதிய உளவியலாளர் அவர்.

அவர் மூன்று சோதனைகள் வைத்தார். ஒன்று கணக்கு. இன்னொன்று எண்களை நினைவில் வைத்துச் சொல்வது. மூன்றாவதாக, ஓர் உரைநடைப் பகுதியில் சொற்களையும் அசைகளையும் அங்கங்கே நீக்கிவிட்டு, குறித்த நேரத்துக்குள் நிரப்பச் சொன்னார். 1897-ல் முடிவுகளை வெளியிட்டார். நன்றாகப் படிக்கும் பிள்ளையையும் பின்தங்கிய பிள்ளையையும் மூன்றாவது சோதனைதான் மற்ற இரண்டையும்விடத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. களைப்பை அளக்கச் செய்த கருவி, அறிவை அளக்கும் கருவியாகப் பெயர் வாங்கிவிட்டது.

அதன்பிறகு அது வேகமாகப் பரவியது. பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே 1905-ல் வெளியிட்ட நுண்ணறிவு அளவுகோலில் இடைவெளி நிரப்பும் பயிற்சியும் இடம்பெற்றது. அமெரிக்காவில் ட்ரபியூ என்பவர் 1916-ல், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் நிரப்பு வாக்கியங்களை வரிசைப்படுத்தி ஓர் அளவுகோலே செய்தார். இது ஆசிரியர்களுக்கு ஏன் பிடித்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. கட்டுரையைத் திருத்த நேரம் வேண்டும். அதில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும். கோட்டின் மேல் இருப்பது ஒரே ஒரு சொல். சரி அல்லது தவறு. நாற்பது தாளை ஒரு மாலையில் திருத்திவிடலாம்.

அந்தக் காலத்தில் எல்லாத் தேர்வும் இப்படி இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கான ஆங்கிலப் புலமைத் தேர்வை 1913-ல் முதன்முதலாக நடத்தியபோது மொழிபெயர்ப்பு, கட்டுரை, ஒலியியல் என்று பல தாள்கள் வைத்தது. எழுதியவர்கள் மூன்று பேர். மூவருமே தேறவில்லை.

சென்னைக்கு வந்த பனிப்பந்து

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் கோடிட்ட இடத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது ரென் அண்ட் மார்ட்டின் எழுதிய இலக்கணப் புத்தகம். 1930-களில் வந்தது, இன்றும் விற்கிறது. அதில் வரும் ரென் யார் தெரியுமா? பெர்சிவல் கிறிஸ்டஃபர் ரென். பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையைப் பின்னணியாகக் கொண்ட 'போ ஜெஸ்ட்' நாவலை 1924-ல் எழுதிப் புகழ்பெற்ற அதே ஆள்தான். பாலைவனச் சாகசக் கதை எழுதிய கை, நமக்கு 'ஏ, ஆன், த' மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியையும் தந்திருக்கிறது.

அந்த மூன்று சொற்களிடம் நாம் படும் பாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். "ஷி இஸ் ____ நர்ஸ்." ஆங்கிலத்தில் அங்கே 'ஏ' வர வேண்டும். தமிழில் "அவள் நர்ஸ்" என்றால் போதும். கோடு போடவே அங்கே இடம் இல்லை. நமக்கு இல்லாத ஓர் இடத்தில் கோடு போட்டு நிரப்பு என்கிறார்கள். 'ஏ' என்றால் 'ஒரு', 'த' என்றால் 'அந்த' என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாதி இடங்களில் அது உதவும், மீதி இடங்களில் காலை வாரிவிடும்.

ஆனால் தமிழில் அந்த வேறுபாடே கிடையாது என்றும் சொல்ல முடியாது. "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நம் இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். ஆங்கிலம் பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக வைப்பதை, நாம் 'ஐ' என்ற வேற்றுமை உருபாகப் பின்னால் ஒட்டிவிடுகிறோம். நோர்வேஜிய மொழியும் பின்னால்தான் ஒட்டுகிறது. 'ஹூஸ்' என்றால் வீடு; 'ஹூசெ' என்றால் குறிப்பிட்ட அந்த வீடு. "அவள் நர்ஸ்" என்பதற்கு நோர்வேஜிய மொழியில் "ஹுன் எர் சீக்கெப்ளையர்". அங்கேயும் தமிழைப் போலவே 'ஒரு' கிடையாது. இங்கே வந்து மொழி படிக்கும் தமிழர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாநிலம் ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. மனப்பாட இலக்கணத்தை விட்டுவிட்டு, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினமாக அடுக்கிக் கற்பிக்கும் புதிய பாடத்திட்டம் 1950-களில் வந்தது. அதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே? ஏறத்தாழ 27,000 ஆசிரியர்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு 1959-ல் ஓர் இயக்கம் தொடங்கியது. சில வல்லுநர்கள் ஒரு குழுவுக்குப் பயிற்சி தருவார்கள். அந்தக் குழு ஊர்ஊராகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும். உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்றில் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே அது குறிப்பிடப்படுகிறது. பனியே விழாத சென்னைக்கு இப்படி ஒரு பெயர். ஆண்டில் பாதி நாள் பனியை அள்ளிக் கொட்டும் எங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அந்த முறையில் சொல் தனியாக வராது, வாக்கிய அமைப்போடுதான் வரும். கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு சொல்லை எடுத்து வாக்கியம் சொல்லச் சொல்வார்கள். வாய் பழகிய பிறகுதான் கை எழுத வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பனிப்பந்துக்கு ஒரு குறை உண்டு. முறை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும்போது அதன் காரணம் தொலைந்துபோகும்; படிவம் மட்டும் போய்ச் சேரும். கடைசி வகுப்பறையில் அறுபது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. அங்கே வாய்ப்பழக்கத்துக்கு நேரம் ஏது? கரும்பலகையில் எழுதிப்போட எளிதானது கோடிட்ட வாக்கியம்தான். நான் படித்த ஊர்ப் பள்ளியிலும் ஆங்கில வகுப்பு என்றால் அதுதான். வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்லாமலே முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

எழுதியவருக்கு வைத்த தேர்வு

இனி 1953. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் இருந்தார். இதழியல்துறைக்காரர். அவருடைய கேள்வி வேறு. ஒரு செய்தியோ கட்டுரையோ வாசகருக்குப் புரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு அப்போது சூத்திரங்கள் இருந்தன. வாக்கியம் எவ்வளவு நீளம், சொல்லில் எத்தனை அசை, அது பழகிய சொல்லா என்று எண்ணிப் பார்த்து 'எளிது', 'கடினம்' என்று சொல்லிவிடுவார்கள். டெய்லர் வேறு வழி பிடித்தார். எந்தச் சொல் முக்கியம் என்று பார்க்காமல், ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எண்ணிக்கைப்படி சொற்களை எடுத்துவிடு. வாசகர்களிடம் கொடு. எழுத்தாளர் போட்ட அதே சொல்லை எத்தனை இடத்தில் அவர்களால் போட முடிகிறது என்று எண்ணு. நிறையப் போட்டால் அந்த எழுத்து வாசகரோடு சேர்ந்து நடக்கிறது. குறைவாகப் போட்டால் எழுத்து வாசகரை விட்டுவிட்டு எங்கோ போகிறது. இதற்கு அவர் 'க்ளோஸ்' என்று பெயர் வைத்தார். முழுமையாக வரையாத வட்டத்தையும் நம் கண் முழு வட்டமாகவே பார்க்கிறது என்பார்கள் கெஸ்டால்ட் உளவியலாளர்கள். அந்த 'மூடிக்கொள்ளுதல்' என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் இது.

இலக்கிய வாசகர்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று அதில் இருக்கிறது. தன் முறையைச் சோதிக்க டெய்லர் எடுத்த பகுதிகளில் ஜேம்ஸ் ஜாய்ஸும் இருந்தார், கெர்ட்ரூட் ஸ்டைனும் இருந்தார். ஸ்டைன் எழுதுவது சின்னச் சின்னச் சொற்கள். சொல்லை எண்ணிய சூத்திரம் "மிக எளிது" என்றது. கோடு போட்டுக் கொடுத்தால் வாசகர்கள் திணறினார்கள். சொல் எளிது, ஆனால் அடுத்து என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்லின் எளிமையும் எழுத்தின் எளிமையும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் சோதனையில் வாசகர் 30 விழுக்காடு வாங்கினால், தோற்றது வாசகர் இல்லை. எழுதியவர் தோற்றார். எழுதியவர்தான் திருத்தி எழுத வேண்டும். 1960-களில் போர்முத் என்ற ஆய்வாளர் இதற்கு அளவே சொன்னார். சரியாக நிரப்பியது 57 விழுக்காட்டை எட்டினால் வாசகர் துணையில்லாமல் படிக்கலாம். 44-ஐ எட்டினால் ஆசிரியரின் உதவியோடு படிக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. புத்தகத்தைத்தான் மாற்ற வேண்டும். பின்னாளில் அமெரிக்காவில் நோயாளிகளுக்குத் தரும் கையேடுகளையும் ஒப்புதல் படிவங்களையும் இந்த முறையால் சோதித்துப் பார்த்த ஆய்வுகளும் வந்தன.

மறுபடி நம் பக்கம்

ஆனால் கருவி அங்கேயே நிற்கவில்லை. 1970-களில் ஜான் ஆலர் போன்ற மொழித்தேர்வு அறிஞர்கள் இதை வெளிநாட்டு மாணவர்களிடம் வைத்துப் பார்த்தார்கள். இலக்கணம், சொல்வளம், வாசிப்பு, முன்பின் வாக்கியத் தொடர்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் அளக்கிறது என்று வியந்தார்கள். எழுத்தின் புரியும் தன்மையை அளக்க வந்த கருவி, ஆளின் மொழித்திறனை அளக்கத் தொடங்கியது.

எதிர்ப்பும் வந்தது. சார்ல்ஸ் ஆல்டர்சன் ஆராய்ந்து பார்த்து, எத்தனையாவது சொல்லை எடுக்கிறோம் என்பதை மாற்றினாலே தேர்வு வேறு தேர்வாகிவிடுகிறது என்று காட்டினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இந்தத் தாளில் முழு மதிப்பெண் வாங்குவதில்லை என்பதும் வெளியே வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் க்ளைன்-ப்ரேலியும் ராட்சும் சொல்லை முழுதாக எடுக்காமல், ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை மட்டும் வெட்டும் 'சி-டெஸ்ட்' முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் எழுதும் சில ஆங்கிலத் தேர்வுகளில் பாதி வெட்டிய சொற்கள் வருகின்றனவே, அவற்றின் மூதாதை இதுதான்.

நம் நர்ஸ் பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் நன்றாகத் தெரியும். 1989-ல் வந்த ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்பிலும் கேட்டலிலும் இடைவெளி நிரப்ப வேண்டும். "இரண்டு சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது" என்று குறிப்பு இருக்கும். மூன்று சொல் எழுதினால் பொருள் சரியாக இருந்தாலும் பூஜ்யம். எழுத்துப்பிழை இருந்தாலும் பூஜ்யம். இங்கிலாந்தின் செவிலியர் கவுன்சில் நான்கு பிரிவிலும் 7 கேட்டுக்கொண்டிருந்தது. 2018-ல்தான் எழுத்துப் பிரிவுக்கு மட்டும் 6.5 என்று இறக்கியது. அந்த அரைப் புள்ளிக்காகக் கடன் வாங்கி நான்கு முறை, ஐந்து முறை எழுதியவர்களை எனக்குத் தெரியும். பத்து ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்ற கைகள் அவை. நோயாளியின் மூச்சு மாறுவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள். மிதிவண்டிகளின் வரலாறு பற்றிய ஒரு பத்தியில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள்.

ஆனாலும் மொழித்தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சின்னச் சொல் வார்டில் என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "ஸ்டாப் த ட்ரிப் ____ டூ அவர்ஸ்." கோட்டில் 'ஃபார்' வந்தால், இப்போதே நிறுத்து, இரண்டு மணி நேரம் நிறுத்தி வை. 'இன்' வந்தால், இப்போது ஓடட்டும், இரண்டு மணி நேரம் கழித்து நிறுத்து. ஈரெழுத்தோ மூன்றெழுத்தோ கொண்ட ஒரு முன்னிடைச்சொல் மருந்தின் அளவையே மாற்றிவிடும். இனி நோர்வேஜிய மொழிக்கு வாருங்கள். "ஈ தூ தீமெர்" என்றால் இரண்டு மணி நேரத்துக்கு. "ஓம் தூ தீமெர்" என்றால் இரண்டு மணி நேரம் கழித்து. ஆங்கிலம் பழகிய காதுக்கு 'ஈ' என்பது 'இன்' போலவே கேட்கும். பொருளோ நேர் எதிர். ஆங்கிலம் வழியாக நோர்வேஜிய மொழி படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை நான் தனியாக எழுதிக் காட்டுவது வழக்கம். தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. "நேரத்துக்கு" என்கிறோம், "நேரம் கழித்து" என்கிறோம்.

இந்த அளவுக்கு மொழித்தேர்வு நியாயம்தான். வேலையோடு ஒட்டிய இடத்தில் கோடு போடுங்கள் என்பதே என் கோரிக்கை. ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஓ.இ.டி. தேர்வு அதைச் செய்கிறது. அதன் கேட்டல் பகுதியில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசுவதைக் கேட்டு, குறிப்பேட்டின் விடுபட்ட 24 இடங்களை நிரப்ப வேண்டும். அது உண்மையில் நர்ஸ் தினமும் செய்யும் வேலை. இங்கிலாந்து 2017-ல் அதையும் ஏற்றுக்கொண்டது.

பெங்களூரில் கோட்டை அழித்தவர்

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். உலகம் அதை 'பெங்களூர் திட்டம்' என்று அழைக்கிறது. இலக்கணம் தனியாகக் கற்பிக்கக் கூடாது, கோடிட்ட பயிற்சியும் கூடாது. பிள்ளைகளுக்கு ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடு, அல்லது ஒரு வரைபடத்தைக் கொடு. "எந்த ரயிலில் போனால் சீக்கிரம் சேரலாம்?" என்று ஆங்கிலத்தில் கேள். பிள்ளை பதிலைத் தேடும்போது மொழி தானாக வரும் என்பது அவர் எண்ணம்.

1985-ல் பெரெட்டா, டேவிஸ் இருவரும் அந்தப் பிள்ளைகளையும் வழக்கமான வகுப்புப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். வாக்கிய அமைப்பைத் தனியாகக் கேட்ட தேர்வில் வழக்கமான வகுப்புக்குச் சாதகம் தெரிந்தது. சூழலோடு சேர்த்துக் கேட்ட இலக்கணத்திலும், சொல்வதைக் கேட்டு எழுதுவதிலும் பிரபுவின் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். அவர்களைவிட வசதியான நாடுகளில் இதே எண்ணம் பின்னர் பெரிய கற்பித்தல் முறையாக வளர்ந்தது. அதன் தொடக்கம் சாதாரண அரசுப் பள்ளி வகுப்பறைகளில் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இன்று கோடிட்ட இடத்தை நம்மைவிட அதிகமாக நிரப்புவது இயந்திரம். 2018-ல் கூகுள் ஆய்வாளர்கள் 'பெர்ட்' என்ற மொழி மாதிரியை உருவாக்கினார்கள். ஏராளமான பக்கங்களில் நூற்றுக்குப் பதினைந்து சொற்களை எடுத்துவைத்து, அவற்றை ஊகிக்கச் சொல்லியே அதற்கு மொழி கற்பித்தார்கள். அந்தக் கட்டுரை டெய்லரின் 1953 ஆய்வைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இதழியல்துறையில் பிறந்த ஒரு சிறிய யோசனை, இயந்திரங்களின் பள்ளிக்கூடமும் ஆகிவிட்டது.

நிரப்பக் கூடாத இடம்

நம் இலக்கியத்திலும் கோடிட்ட இடங்கள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏட்டில் சிதைந்த இடங்களைச் சிதைந்த இடங்களாகவே விட்டார். நானூறு பாட்டில் 267-உம் 268-உம் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் வரிகள் நடுவே புள்ளிகள் நிற்கின்றன. அவருடைய புலமைக்கு அந்த இடத்தில் பொருந்தும் ஒரு சீரைப் போட முடிந்திருக்காதா? ஈற்றடி கொடுத்தால் வெண்பா பாடி முடிக்கும் மரபில் வந்தவர் அவர். முடிந்திருக்கும். ஆனால் அது புலவர் எழுதிய சொல்லாக இருக்காது என்பதால் விட்டார்.

மருத்துவமனையில் இந்த ஒழுக்கம் மிகவும் வேண்டும். மொழி சரியாகத் தெரியாத நோயாளி பாதி வாக்கியம் சொல்வார். மீதியை நாமே நிரப்பிவிடுவது எளிது. "வயிற்றில்…" என்று அவர் நிறுத்தினால் "வலியா?" என்று நாம் முந்திக்கொள்வோம். அவர் தலையாட்டுவார். வெளிநாட்டில் நம் வயதானவர்கள் பலர் வெள்ளை உடுப்புக்கு மரியாதையாகத் தலையாட்டுகிறவர்கள். அவர் சொல்ல வந்தது வலியா, எரிச்சலா, பயமா என்பது அந்தக் கோட்டிலேயே நின்றுவிடும். இந்த இடத்தைக் காத்திருந்து அவரையே நிரப்பவிட வேண்டும், அல்லது மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

நிரப்பவைப்பதே மருந்தாகும் நேரமும் உண்டு. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் செய்யும் ஒரு பயிற்சி இது: வாக்கியத்தைத் தொடங்கிக் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிடுவது. "என் கொப்…" என்று ஒரு கோப்பையைக் காட்டி நிறுத்தினால், தனியாகக் கேட்டால் வராத "காஃபெ" சிலருக்கு அங்கே வந்துவிடும். மறதிநோய் முற்றியவர்களோடு இருக்கும்போது கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பெயர் மறந்தவர்களில் சிலர் அடுத்த சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கோட்டின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் ஒரு சொல்.

கடிதத்துக்கு ஒரு தேர்வு

கடைசியாக, வேலைக்காகும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

நோர்வேயில் வெளிநாட்டவருக்கான மொழித்தேர்வு ஏறிக்கொண்டேதான் போகிறது. குடியுரிமைக்கு 2017-ல் பேச்சுத்திறன் ஏ2 கேட்டார்கள். 2022 அக்டோபர் முதல் பி1 கேட்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே படித்த செவிலியருக்குப் பி2. நம்மைச் சோதிக்கும் கோடுகள் இவை. ஆனால் அதே 2022-ன் ஜனவரி முதல் தேதி இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று மொழிச் சட்டம்: அரசு அலுவலகங்கள் தெளிவான, பெறுபவருக்கு ஏற்ற மொழியில் எழுத வேண்டும். இன்னொன்று மொழிபெயர்ப்பாளர் சட்டம்: தேவைப்படும் இடத்தில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அலுவலகத்தின் கடமை, பிள்ளைகளை மொழிபெயர்க்கவைக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் கர்ப்பப்பை அறுவை சிகிச்சையை டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இவை எழுதுகிறவரையும் பேசுகிறவரையும் சோதிக்கும் கோடுகள். டெய்லர் நின்ற பக்கத்தில் இந்தச் சட்டங்கள் நிற்கின்றன.

சட்டம் இருந்தால் போதாது, யாராவது அளந்து பார்க்க வேண்டும். அதை நாமே செய்யலாம். மருத்துவமனையிலிருந்தோ நகராட்சியிலிருந்தோ வரும் கையேட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தை அப்படியே விடுங்கள். அதன்பிறகு ஏழு சொல்லுக்கு ஒன்றாக மறைத்துவிடுங்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலச் சொல்லைவிடக் கனமானது. ஐந்துக்கு ஒன்று என்றால் வாசகர் திணறிவிடுவார். ஊர்ப் பேரவையிலோ ஆலயத்திலோ சந்திக்கும் பத்து முதியவர்களிடம் கொடுங்கள். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, கோடு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதே சொல்தான் வேண்டும் என்றில்லை. பொருள் பொருந்தினால் சரி என்று போடுங்கள். இது தேர்வு இல்லை, கடிதத்துக்குத்தான் தேர்வு என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

போர்முத் சொன்ன 57-உம் 44-உம் ஆங்கிலப் பிள்ளைகளுக்கான கணக்கு. நமக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் பத்துப் பேரில் பெரும்பாலோர் பாதி இடத்தைக்கூட நிரப்ப முடியாமல் விழித்தால், எந்த வாக்கியத்தில் எல்லோரும் நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புங்கள். "இந்த இடங்களில் எங்கள் பெரியவர்களுக்குப் புரியவில்லை, திருத்தி எழுதித் தாருங்கள்" என்று ஒரு வரி போதும். நோர்வேயில் அதற்குச் சட்டம் துணையிருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன சட்டம் என்று பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.